கிளட்ச் மிதிக்கிற கால்

"ஓட்டினது நீதான்னு சொல்லணும், கேட்டியா அனுஜா? வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பிளாரன்ஸ் இதைச் சொன்னது கஞ்சி ஊட்டிக்கொண்டே. ஒரு கரண்டியை வாயில் கொடுத்துவிட்டு, அடுத்த கரண்டியை ஊதி ஆற்றும் இடைவெளியில் சொன்னாள். மருமகளின் வாயோரம் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தும் விட்டாள். அந்த நேரம் யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால், இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். வெளியே ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ் ஏட்டு, எந்த அறை என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அனுஜா போர்வையைப் பார்த்தாள். வலது பக்கம் பாதம் வரைக்கும் மேடாக இருந்தது. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. இல்லாத அந்தக் காலின் பெருவிரல் அவளுக்கு இன்னமும் அரித்துக்கொண்டிருந்தது.

"நான் இடது பக்கம்லா உக்காந்திருந்தேன் மாமி," என்றாள்.

"உக்காந்திருந்த. யாரு இல்லன்னு சொன்னா? ஆனா அவன் மேல கேஸ் எழுதிட்டாம்னா கப்பலுக்குப் போலீஸ் சர்ட்டிபிகேட் தரமாட்டான். ஏஜெண்டு இன்னொருத்தன ஏத்திவிட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பான். வீட்டு லோனு யாரு கட்டுவா? உன் மேல கேஸ் எழுதினா என்ன கெட்டுப்போச்சு? நீ என்ன கப்பலுக்கா போகப்போற? லைசென்ஸ்தான் இருக்குல்லா உனக்கு."

லைசென்ஸ் இருந்தது உண்மை. துறைமுகச் சாலையில், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கூட வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது அவளும் போய் வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த அட்டை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. கார் சாவியை ஒருநாளும் யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை. அவளே வாய்விட்டுக் கேட்டபோது, "உனக்கெதுக்குளா ஸ்டியரிங்கு? அவன் லீவுல வந்தா கூட்டிட்டுப் போவாம்லா" என்று பிளாரன்ஸ் சொல்லிவிட்டாள். இப்போதுதான் அந்த லைசென்ஸ் வீட்டுக்குத் தேவைப்பட்டது.

இத்தனைக்கும் அது அவளோடு வந்த கார். அவளுடைய அப்பா ஜேசுபாதம், திரேஸ்புரத்தில் ஒரு ஃபைபர் படகில் தனக்கிருந்த பங்கை விற்று வாங்கிக் கொடுத்தது. மாப்பிள்ளை கப்பலுக்குப் போகிறவர், அதனால் கார் வேண்டும் என்றார்கள். வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடக்கிறவனுக்குத் தரையில் கார் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தம் நின்றுபோகும். "அனுஜா பேர்ல பதிஞ்சிருவோமா சம்மந்தி?" என்று ஜேசுபாதம் பயந்து பயந்து ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். "பொண்டாட்டிகிட்ட இரவல் வாங்கி ஓட்டுதாம்னு நாலு பேரு என் மவனச் சொல்லவா?" என்று பிளாரன்ஸ் திருப்பிக் கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. நம் ஊரில் பெண்ணோடு வருகிற கார் மாப்பிள்ளை பெயரில்தான் பதிவாகும். பெண்ணின் பெயர் பின் கண்ணாடியில் ஒட்டுகிற கல்யாண ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும், அதுவும் முதல் மழை வரைக்கும்தான்.

விபத்து நடந்த அன்றைக்கு சாயர்புரத்தில் ஒரு புதுவீட்டு ஜெபத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது அவள் கணவன் டெரன்ஸ். அவன் வாரக்கணக்காகக் காத்திருந்த செய்தி கப்பல் ஏஜெண்டிடமிருந்து ஃபோனில் வந்து விழுந்தது. ஒரு கையால் ஃபோனைத் தூக்கி வாசித்து, "ஏளா, சிங்கப்பூர்ல ஏறணுமாம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஓடைப் பாலத்தின் சுவரில் மோதியது. அனுஜாவின் பக்கத்துக் கதவு உள்ளே வந்துவிட்டது. டெரன்ஸுக்கு நெற்றியில் ஒரு சின்னக் கீறல், அதற்கு ஒரு பிளாஸ்திரி.

அந்தப் பிளாஸ்திரியோடு அவன் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை.

ஏட்டு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வண்டி ஓட்டினது யாரும்மா?" என்று கேட்டார்.

டெரன்ஸ் திரும்பினான். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் இப்படி அவள் கையைப் பிடித்ததில்லை. பாவி மகள் அதில் இளகிப்போனாள்.

"நான்தான் சார்," என்றாள்.

"எதுக்குப் போய்ச் சுவர்ல விட்டீங்க?"

"மாடு குறுக்க வந்துட்டு சார்," என்று பிளாரன்ஸ் கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஏட்டு எழுதிக்கொண்டார். மாட்டை யாரும் விசாரிக்கப் போவதில்லை.

டெரன்ஸ் அடுத்த வாரமே கப்பலேறினான். போகும்போது, "வந்து எல்லாத்தையும் பாத்துக்கிடலாம்" என்றான். எல்லாம் என்றால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் வந்தார். காரை அவர் ஷெட்டிலேயே பார்த்துவிட்டிருந்தார். ஓட்டியவரையும் லைசென்ஸையும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பிளாரன்ஸ் காபி போட்டுக் கொடுத்தாள். சர்வேயர் அனுஜாவின் மடித்துக் குத்திய நைட்டியைப் பார்த்தார், பிறகு தன் ஃபோனில் இருந்த படங்களைப் பார்த்தார்.

"இடது பக்கம் பூரா உள்ள வந்திருக்கு. ஸ்டியரிங் பக்கம் ஒரு கோடு கூட விழல. இவங்களுக்கு எப்படிம்மா கால்ல…"

"கிளட்ச் மிதிக்கிற காலு இடது காலுதான சார்?" என்றாள் பிளாரன்ஸ்.

சர்வேயர் ஃபோனை அணைத்துப் பையில் போட்டார். "ஆமா, இடது கால்தான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அவருக்குத் தெரியாமலில்லை. எத்தனை வண்டி பார்த்திருப்பார். ஓட்டியது அவள் என்றால் கம்பெனிக்குத் தகரத்துக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான் செலவு. உட்கார்ந்து வந்தவள் என்றால் காலுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பொய் வீட்டுக்கும் பொருந்தியது, கம்பெனிக்கும் பொருந்தியது. இடையில் நின்ற அனுஜாவுக்கு மட்டும்தான் பொருந்தவில்லை. அது அவளுக்கே அன்றைக்குத் தெரியாது.

கார் திரும்பி வந்தது. புதுக் கதவு, புதுச் சக்கரம், புது விளக்கு. எங்கே அடிபட்டது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாத அளவுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிளாரன்ஸ் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள். அனுஜா ஜன்னலில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு நின்று பார்த்தாள். அதன் இடது பக்கத்தைச் சரி பண்ணியாயிற்று, என் இடது பக்கத்தை யார் சரி பண்ணுவார்கள் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

அவளுக்குக் கிடைத்தது ஒரு இலவச முகாமில் கொடுத்த செயற்கைக் கால். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகும் வரைக்கும் அதைப் போட்டுப் பழகினாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் போய்வந்த அலுவலகம் மாடியில் இருந்தது. அந்தப் படிகளில் பாதிக்கு மேல் அவளால் ஏற முடியவில்லை. "கால் சரியானதும் வாம்மா, உன் எடம் எங்க போகப்போவுது" என்றார் முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி. அடுத்த மாசம் அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல கால் என்று ஒன்று உண்டு, பாதம் மடங்கும், படி ஏறலாம், அந்தக் காலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று முகாமில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கால் ஒன்றுதான் அனுஜாவுக்கு வேண்டியிருந்தது. மாமியாரிடம் கேட்டாள். "லோனு முடியட்டும்" என்று பதில் வந்தது. லோன் முடிய இன்னும் பதினோரு வருஷம் இருந்தது.

பாலத்துச் சுவரை இடித்த கேஸுக்குக் கோர்ட்டிலிருந்து அவள் பெயருக்குச் சம்மன் வந்தபோது, அலுவலகத் தோழி ஒருத்தி வற்புறுத்தி அவளை வக்கீல் உமாராணியிடம் அனுப்பி வைத்தாள். ஜெபக்கூட்டத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அனுஜா ஆட்டோவில் போனாள்.

உமாராணிக்குக் கேள்வி கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றுகிற பழக்கம். "உண்மையா யார் ஓட்டினாங்க?" என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அனுஜா சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க, கேளுங்க. வண்டியில உக்காந்து வந்தவங்களுக்கு அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கணும். உங்க வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ். அதுல இதுவும் சேர்த்தி. தர்மம் இல்ல, அதுக்குத்தான் வருஷாவருஷம் பணம் கட்டுறது. வைத்தியச் செலவு, போன சம்பளம், இனிமே போகப்போற சம்பளம், நல்ல கால், அது தேஞ்சா அடுத்த கால், பட்ட வேதனை எல்லாத்துக்கும் கேக்கலாம். ஆனா மனுவில உங்க வீட்டுக்காரர் பேர் எதிர்மனுதாரரா இருக்கும். அவர் கவனக்குறைவா ஓட்டினார்னு நீங்க சொல்லணும். பணம் அவர் பையில இருந்து போகாது. கம்பெனி கட்டும்."

"நான் ஓட்டினதால்லா மேடம் எழுதியிருக்கு."

"அப்ப யாருகிட்டக் கேப்பீங்க? தப்பு பண்ணினதும் நீங்க, அடிபட்டதும் நீங்கன்னா, கொடுக்க வேண்டிய ஆளே இல்லையே."

"வண்டி ஓட்டுற ஓனருக்குக் கால் கை போனா ஒரு தொகை உண்டுன்னு பாலிசில போட்டிருக்கே மேடம். அதையாவது…"

"ஓனர்னா ஆர்.சி. புத்தகத்துல பேர் இருக்கிறவர். உங்க பேரா இருக்கு?"

அனுஜா அலுவலகத்தில் இருந்தபோது, கப்பலில் நனைந்துபோன முந்திரி மூட்டைகளுக்கு நஷ்டஈடு கேட்டு எத்தனையோ கடிதம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். சரக்கு யார் பெயரில் என்பதுதான் கம்பெனிக்காரன் கேட்கும் முதல் கேள்வி. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தன் விஷயத்தில் அதை யோசித்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு வழி இருக்கு," என்றார் உமாராணி. "சம்மன் தேதியில கோர்ட்ல போய் நான் ஓட்டலன்னு சொல்லுங்க. முதல்ல பொய் சொன்னதுக்குத் திட்டு விழும், அதுக்கும் ஏதாவது கேஸ் வரலாம், சமாளிப்போம். ஆஸ்பத்திரிச் சீட்டு, வண்டிப் படம் எல்லாம் உங்க பக்கம் பேசும். ஆனா அங்க குத்தத்த ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

அன்று சாயங்காலம் அனுஜா வீட்டில் வாயைத் திறந்தாள். பிளாரன்ஸ் முதலில் நம்பவில்லை, பிறகு சோபாவில் உட்கார்ந்து மாரில் கையை வைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் ஜேசுபாதத்துக்கு ஃபோன் போய், அவர் சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடாமல் வந்து சேர்ந்தார்.

"கேட்டியளா சம்மந்தி, உங்க மவ என் மவன் மேல கேஸ் போடப்போறாளாம். புருசன் பேரக் கோர்ட்ல ஏத்தி வாசிக்கச் சொல்லி, அதுல காசு வாங்கிக் கால் மாட்டப்போறாளாம்."

"கேஸ் கம்பெனி மேல மாமி. பேருக்குத்தான் அவுக பேரு."

"அந்தப் பேரத்தான் சொல்லுதேன். அவன் அப்பா செத்த பொறவு அந்த ஒத்தப் பேர வச்சுத்தான் இந்த வீடே நிக்கி." பிளாரன்ஸின் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. டெரன்ஸின் அப்பா போனபிறகு மீன் கம்பெனியில் இறால் உரித்து, விரல் எல்லாம் வெந்து, அவனைப் படிக்க வைத்துக் கப்பலுக்கு அனுப்பினவள் அவள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் காலை மகனுக்காகக் கொடுத்துவிடத் துணிவது கல்நெஞ்சால் மட்டுமில்லை, அவளுக்கும் வேறு கதி கிடையாது என்று, ஆண்பிள்ளை பெயரில் வீட்டை நிறுத்துகிற இந்த வழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தது. அதற்காக அவளை மன்னித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஜேசுபாதம் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். "மக்கா, விஜிலாவுக்கு மொத ஓலை வாசிச்சாச்சு," என்றார்.

அனுஜாவின் தங்கை விஜிலாவுக்கும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஃபிராங்க்ளினுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் விழுந்தது கோர்ட் தேதி.

"மூத்தவ புருசன் மேல கேஸ் போட்டான்னு தெரிஞ்சா எளையவள எவன் கெட்டுவான்?"

"கம்பெனி மேலதாம்பா கேஸு."

"அது வக்கீலுக்குத் தெரியும் மக்கா. தெருவுக்குத் தெரியுமா?"

அனுஜா கப்பலுக்கு ஃபோன் போட்டாள். டெரன்ஸ் எடுத்தான். பின்னால் எஞ்சின் சத்தம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் வந்ததும் பேசிக்கிடலாம்ளா, இங்கன சிக்னல் சரியில்ல" என்றான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவன் பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது.

ஒரு வாரம் அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவை வரச் சொன்னாள்.

"விஜிலாவுக்கும் காருதான கேட்டிருக்காவ?"

"ஆமா மக்கா. வீட்ட அடகு வச்சுத்தான் வாங்குதேன்."

"சரி. நான் கோர்ட்ல ஒத்துக்கிடுதேன். ஒரே ஒரு விஷயம். அந்த வண்டி விஜிலா பேர்லதான் பதியணும். அவ என்னைய மாதிரி நிக்கப்பிடாது. மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க."

ஜேசுபாதம் அவள் தலையில் கை வைத்தார். "மாதா மேல ஆண," என்றார். தன் காலை விற்றுத் தங்கைக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டதாக அனுஜா நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவள் கூண்டுக்குப் போக நேரமானது. எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். காரைக் கவனக்குறைவாக ஓட்டிப் பாலத்துச் சுவரைச் சேதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு, ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். அனுஜா வாசலைப் பார்த்தாள். ஜேசுபாதம் கையில் ஜெபமாலையோடு நின்றார். வாசலுக்கு அப்பால் நடைவழியில் உமாராணி வேறு ஏதோ கேஸுக்காக நின்றிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்.

"ஒத்துக்கிடுதேன் ஐயா. நான்தான் ஓட்டினேன்."

அபராதத்தை ஜேசுபாதம் கட்டினார். ரசீது எழுதிக் கொடுத்த வயதான குமாஸ்தா, நல்ல மனுஷர், இரக்கப்பட்டு, "ஒரு காலு போச்சு. இனிமேலாவது பாத்து ஓட்டும்மா" என்றார். உமாராணி அவர்களைக் கடந்து போனார். கண்ணாடி அவர் கையில் இருந்தது.

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் டெரன்ஸ் ஒப்பந்தம் முடிந்து வந்து சேர்ந்தான். மாமனார் வீட்டுக்குச் சென்ட் பாட்டில், அனுஜாவுக்குச் சாக்லேட் டப்பாக்கள். காலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவனுக்கு வெளியே ஒரு வேலை வந்துவிடும். கல்யாணத்தன்று கோட்டு சூட்டோடு அவனே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பூசை முடிந்ததும் முதல் ஆளாக மண்டபத்துக்குப் போய் விருந்தாளிகளை உட்கார வைக்க வேண்டும் என்பதற்காக, மாதா கோயில் காம்பவுண்டில் கேட்டுக்கு நேராக வண்டியை நிறுத்தச் சொன்னாள் பிளாரன்ஸ். அதற்குப் பின்னால் ரிப்பன் கட்டிய புதுக் கார் நின்றது.

பூசை முடிந்து, மோதிரம் மாற்றி, எல்லாரும் வெளியே வந்தார்கள். ஜேசுபாதம் ஒரு தட்டில் பூவோடு வைத்திருந்த சாவியை எடுத்து ஃபிராங்க்ளின் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள். அனுஜா அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"வண்டி யாரு பேர்லப்பா?"

ஜேசுபாதம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தாம்பா கேக்கேன்."

"அவுக ஒத்துக்கிடல மக்கா. மாப்பிள்ளை பேர்லதான் வேணும்னுட்டாவ. ஓலை வாசிச்ச பொறவு எப்படி நிறுத்த?"

"எப்ப சொன்னாவ?"

அவர் தட்டிலிருந்த பூவை ஓரமாக ஒதுக்கினார். அவள் நகராமல் நின்றாள்.

"ரெண்டாவது ஓலைக்கு முந்தியே," என்றார் கடைசியில். "சொன்னா நீ கோர்ட்ல போய்…" தட்டிலிருந்த பூ கீழே விழுந்தது. பெற்ற மகளைத் தெரிந்தே ஏமாற்றிய அந்த மனிதர், அதைக் குனிந்து பொறுக்கினார்.

அனுஜா திரும்பி நடந்தாள். செயற்கைக் கால் கோயில் முற்றத்துக் கல்லில் ஒவ்வொரு அடிக்கும் தட்டியது. டெரன்ஸ் ஏ.சி.க்காக எஞ்சினைப் போட்டுவிட்டு, கூடக் கப்பலுக்குப் போகிற நண்பர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். அவள் வலது பக்கக் கதவைத் திறந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளாரன்ஸ்தான் வந்து, "ஏளா, இது அவன் எடம்லா. அங்கிட்டுப் போய் உக்காரு" என்றாள்.

"என் எடந்தான் மாமி. ஓட்டுனது நான்னு நீங்கதான சொன்னீய."

டெரன்ஸ் ஓடி வந்தான். பின்னால் புதுக் காரில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறிவிட்டார்கள். இந்த வண்டி நகர்ந்தால்தான் அது கேட்டைத் தாண்ட முடியும். ஆர்மோனியப் பெட்டியோடு வந்த பாடகர் குழுவும், சாமியாரும், பட்டுச் சேலைகளும் முற்றம் முழுக்க நின்றன.

"எறங்குளா. ஆளுங்க பாக்காவ," என்றான் டெரன்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். ஓட்டுனது யாருன்னு இங்கன வச்சு ஒத்த வார்த்தை சொல்லுங்க. எறங்கிருதேன்."

அவன் நண்பர்களைப் பார்த்தான். நண்பர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். "உனக்கென்ன பைத்தியமா?" என்றான்.

"அப்ப நான்தான் ஓட்டணும். கிளட்ச் மிதிக்கத்தான் கால் இல்ல."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அன்றைக்கு ஓட்டியது யார் என்று தெருவில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் அன்றைக்கும் ஒருவரும் தயாராக இல்லை. "பாவம், அடிபட்டதுலயிருந்து மனசு சரியில்ல" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். அது சௌகரியமாக இருந்ததால் பலரும் தலையாட்டினார்கள்.

பின்னால் புதுக் காரின் ஹாரன் அடித்தது. மண்டபத்தில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"தள்ளிருவோம் அண்ணாச்சி," என்றார் யாரோ. "ஹேண்ட் பிரேக்க மட்டும் எடுங்க."

டெரன்ஸ் இடது பக்கக் கதவைத் திறந்தான். அந்தப் புதுக் கதவை. உள்ளே குனிந்து, இருக்கையில் ஒரு முழங்காலை மட்டும் ஊன்றிக்கொண்டு கையை நீட்டினான்.

"ஒரு நிமிசம் அதுல உக்காந்துதான் பாருங்களேன்," என்றாள் அனுஜா.

அவன் உட்காரவில்லை. பிரேக்கை விடுவித்துவிட்டு, இருக்கை சுட்டதுபோல் வெளியே வந்தான்.

ஆறேழு ஆண்கள் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் அசைந்தது. "ஸ்டியரிங்க வலப்பக்கம் ஒடிச்சுப் பிடிங்க அக்கா, மதில்ல இடிச்சிராம," என்று ஒருவன் கத்தினான். திருப்பாமல் விட்டிருக்கலாம். அப்படியே கேட்டில் கொண்டுபோய் முட்டி அடைத்துவிட்டிருக்கலாம். கண்ணாடியில் பின்னால் வந்த காரும், அதற்குள் வெள்ளை முக்காடு போட்ட தங்கையும் தெரிந்தார்கள். அனுஜா பலம்கொண்ட மட்டும் ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் மதிலை உரசாமல் வளைந்து ஓரத்தில் போய் நின்றது. போலீஸிலும் கோர்ட்டிலும் எழுதி வைத்திருந்தபடி, அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அந்த வண்டியை ஓட்டினாள்.

வழி கிடைத்ததும் புதுக் கார் அவளைக் கடந்து போயிற்று. ஃபிராங்க்ளின் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் இடது பக்கத்தில் விஜிலா மடி நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"ஏளா விஜிலா," என்றாள் அனுஜா. "அவரு கையில இருந்து அந்தப் போன வாங்கிருளா."

புதுக் காரில் ஏ.சி. போட்டுக் கண்ணாடி ஏற்றியிருந்தது. விஜிலாவுக்குக் கேட்கவில்லை.